படகுக்காரரே மெக்கானிக்

கடல்நீர் குடித்த அவுட்போர்டு மோட்டாரைக் காப்பாற்றச் சில மணி நேரம்தான் கிடைக்கும். கரை ஏறும் நேரத்தில் அலை பக்கவாட்டில் அடித்துப் படகு புரண்டது, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் மூழ்கியது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் கிடக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெளியே எடுத்து உப்பு ஈரத்தின் மேல் காற்று பட்டதும் பேரிங்கையும் கிராங்க் ஷாஃப்டையும் அரிப்பு வேகமாகப் பிடித்துக்கொள்ளும். உடனே மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவ வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை கீழே பார்க்கும்படி மோட்டாரைச் சாய்த்து, கயிற்றை மெல்ல இழுத்துச் சிலிண்டரில் உள்ள தண்ணீரைத் தள்ள வேண்டும். கார்புரேட்டரைக் காலி செய்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். பிறகு புது எரிபொருள் ஊற்றி அன்றைக்கே ஓட்ட வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை எஞ்சின் சூடுதான் விரட்டும். கயிறு முட்டி நின்றால் பலம்கொண்டு இழுக்கக் கூடாது. சிலிண்டரில் நிற்கும் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். அன்றைக்கு ஓட்ட வழியில்லை என்றால், மோட்டாரை நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் முழுக்கி, மெக்கானிக் வரும்வரை விட்டுவைப்பது வெயிலில் காய வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

இத்தனையையும் மணலில் நின்று செய்யக்கூடியவர் படகுக்காரர் ஒருவர்தான். செங்கல்பட்டு மாவட்டத்து அச்சரப்பாக்கத்திலிருந்து கிழக்கே செய்யூரைத் தாண்டினால் இடைக்கழிநாட்டுக் கரை வந்துவிடும். கடப்பாக்கமும் ஆலம்பரைக்குப்பமும் அங்கே இருக்கின்றன. வடக்கே பாலாற்று முகத்துவாரத்தைக் கடந்தால் சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, மாமல்லபுரம், நெம்மேலி, கோவளம் என்று குப்பங்கள் வரிசையாக வரும். பெரிய மீன்பிடித் துறைமுகம் இல்லாத கரை இது. படகு அலையைத் தாண்டித்தான் போக வேண்டும், அலையோடுதான் திரும்ப வேண்டும். எனவே மோட்டாரைப் படகுக்காரர் தானே பார்த்துக்கொள்ளலாமா என்று இங்கே கேட்பதில் பொருளில்லை. எதை அவர் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது, தொட வேண்டியதைத் தொட அவருக்கு என்ன வசதி இருக்கிறது என்பவைதான் கேட்க வேண்டியவை. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்குள்ள குறை அதுதான்.

இந்தக் கரையின் ஃபைபர் படகுகளில் இரண்டு வகை எஞ்சின்களைப் பார்க்கலாம். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் 8, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் ஒன்று. யமஹா, சுசுகி என்று கம்பெனிப் பெயராலேயே அதைச் சொல்வார்கள். நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் சுழலும் டீசல் எஞ்சின் மற்றொன்று. லம்பார்டினி என்றால் எல்லாருக்கும் புரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. நிவாரணமாகப் படகும் எஞ்சினும் வந்த வேகத்தில் உதிரிபாகக் கடையும் பழுது பார்க்கும் ஆளும் வரவில்லை. வந்த எஞ்சினை வைத்துக்கொண்டு தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள்.

நீண்ட தண்டு டீசல் எஞ்சினுக்கு இங்கே கிடைத்த வரவேற்பை நான் கரை அளித்த தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். அது சத்தம் போடும், உடம்பை உலுக்கும், மூடியில்லாமல் சுழலும் தண்டு கைகால்களுக்கு ஆபத்து. ஆனால் அது காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். கடல்நீரை உறிஞ்சிக் குளிரவைக்கும் பம்பு கிடையாது. தண்ணீருக்கடியில் மூடிய கியர் பெட்டியும் கிடையாது. வயலில் டீசல் பம்புசெட் ஓட்டிய எவருக்கும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். டீசல் செலவு குறைவு என்பது ஒரு காரணம். கெட்டால் ஊருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது அதற்குச் சமமான காரணம். தானே பழுது பார்க்க முடியுமா என்பதை வைத்தே ஒரு கரை தன் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கிறது என்றால், அதைச் சிக்கன புத்தி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

அவுட்போர்டு மோட்டார் அப்படி எளிதில் வசப்படுவதில்லை. அதன் கீழ்ப்பகுதியில் ரப்பர் இறக்கைகள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கிறது, இம்பெல்லர். அது கடல்நீரை மேலே தள்ளி எஞ்சினைக் குளிரவைக்கிறது. பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து ஒரு தாரை தண்ணீர் பீய்ச்சினால் பம்பு வேலை செய்கிறது என்று பொருள். துறைமுகத்து ஆழத்தில் ஓடும் மோட்டாருக்கு ஒரு வருடம் வரும் இம்பெல்லர் நம் கரையில் அவ்வளவு நாள் வராது. அலை கலக்கிவிட்ட மணலையும் சேர்த்தே மோட்டார் உறிஞ்சுகிறது. ஆலம்பரைக்குப்பம் போல முகத்துவாரத்தில் மணல்திட்டுகள் இடம் மாறும் ஊர்களில் இது இன்னும் கூடுதல். அதோடு ஒரு பழக்கம் வேறு: படகைத் தள்ளும் முன்பு, எஞ்சின் பிடிக்கிறதா என்று மணலிலேயே ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது. தண்ணீர் இல்லாமல் சுழலும் ரப்பர் இறக்கை சில நொடிகளில் சூடேறித் தேய்ந்துவிடும். அன்று கரையில் பிடித்த எஞ்சின் அடுத்த வாரம் கடலில் சூடாகி நிற்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தோன்றாது.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கழுவினால் இந்தத் தொல்லைகளில் பாதி போய்விடும். உள்ளே தண்ணீர் ஓடும் குறுகிய வழிகளில் உப்பும் மணலும் படியாது. இதற்கு மெக்கானிக் தேவையில்லை, ஒரு டிரம் நல்ல தண்ணீர் போதும். சித்திரை வைகாசியில் குப்பத்துப் பெண்கள் குடத்தோடு காத்திருக்கும்போது அந்த டிரம்மை யார் நிரப்புவது? இதே கரையில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு திறக்கப்பட்டது. 2024இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொன்றும் அங்கே வந்தது. சென்னை நகரத்தின் தாகத்துக்காகக் கட்டப்பட்டவை அவை; அதில் தவறில்லை. ஆனால் மீன் இறங்கும் இடங்களில் மோட்டார் கழுவ ஒரு குழாய் வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையும் இல்லை. மோட்டாரைக் கழுவாமல் போடுகிறார்கள் என்று குறை சொல்லும் அதிகாரிகளிடம், எந்தத் தண்ணீரில் கழுவச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கீழ்க்கியர் பெட்டியின் எண்ணெய் மாற்றுவதை அருகில் இருந்து பார்த்தால், கவனமான ஒரு கை எவ்வளவு சொல்லிவிடும் என்று புரியும். மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தி, அடித் திருகை முதலில், மேல் திருகைப் பிறகு கழற்றுவார்கள். முதல் சொட்டு தண்ணீராகவே விழுந்தால், அல்லது எண்ணெய் பாலும் டிகாஷனும் கலந்த நிறத்தில் வந்தால், எங்கோ சீல் போய்விட்டது. திருகின் நுனியில் உள்ள காந்தத்தில் மாவு போல இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. சில்லுகளாக இருந்தால் கியர் பல் உடைகிறது. புது எண்ணெயை மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் மேல் திருகை முதலில் மூடி, பிறகு கீழ்த்திருகை மூட வேண்டும். அப்படியே புரொப்பெல்லரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். நம் கரையில் சீலை அறுக்கும் எதிரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்: அறுந்த வலையிலிருந்து வந்த தங்கூசி. முடி போன்ற அந்த நரம்பு தண்டில் சுற்றி, சூட்டில் இறுகி, ரப்பர் சீலுக்குள் மெல்ல இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கடல்நீர் கியர் எண்ணெயோடு கலந்துகொண்டிருக்கும். வலைத்தொழில் செய்பவருக்குத் தங்கூசியின் குணம் எந்தக் கம்பெனி மெக்கானிக்கையும்விட நன்றாகத் தெரியும். அவர் புரொப்பெல்லரைக் கழற்றும் பழக்கம் வைத்திருந்தால் போதும்.

படகுக்காரரின் கை பிழைக்கும் இடங்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிறு மோட்டார்களில் புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின், பாறையிலோ கயிற்றிலோ மாட்டினால் உடைய வேண்டும் என்றே மென்மையான உலோகத்தில் செய்யப்படுகிறது. அது உடைந்த இடத்தில் ஒரு ஆணியையோ வெல்டிங் கம்பியையோ நறுக்கிச் செருகினால் படகு வீடு வந்து சேரும். அன்றைக்கு அது சரிதான். அதை எடுக்காமல் அப்படியே விட்டால், அடுத்த மோதலில் உடைவது கியர். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது இன்னொன்று. அதன்பின் எஞ்சின் எப்போதும் குளிர்ச்சியாக ஓடி, எரியாத எண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். தைக்கு முன்னால் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது மிச்சத்தை மோட்டாரின் காலுக்கும் பூசுவார்கள். அங்கே ஒட்டியிருக்கும் துத்தநாகத் துண்டு, அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்காகவே வைக்கப்பட்டது. அதன் மேல் பெயிண்ட் பட்டால் அது கடல்நீரைத் தொடாது. அரிப்பு மோட்டாரின் உடம்பைத் தேடிப் போகும். அலுமினியத்தில் இறங்கும் போல்ட்டை லாரி போல்ட் போல முறுக்கினால் மரை போய்விடும். இவற்றில் எதுவும் சோம்பலால் வருவதில்லை. உடனே கடலுக்குப் போயாக வேண்டிய அவசரமும், கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும்தான் காரணம்.

அச்சரப்பாக்கம், மதுராந்தகம் போன்ற நெடுஞ்சாலை ஊர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பலரும் கவனிக்காத பங்கு. கடற்கரையில் தீராத பழுதுக்கு ஆட்கள் தேடிப் போனது இந்த ஊர்களின் பைக் மெக்கானிக்குகளிடம்தான். ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50, சேத்தக் ஸ்கூட்டர் என்று டூ ஸ்ட்ரோக் வண்டிகளைக் கழற்றி மாட்டிய தலைமுறை அது. கார்புரேட்டர் ஜெட்டை ஊதித் துப்புரவாக்குவதும், பிளக்கின் நிறத்தைப் பார்த்தே எஞ்சினின் நிலையைச் சொல்வதும் அவர்களுக்குக் கைவந்த கலை. பிளக் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நலம், கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் கலவை அதிகம், வெளுத்திருந்தால் சூடு அதிகம் என்ற பாடம் மோட்டாருக்கும் அப்படியே பொருந்தும். புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் டூ ஸ்ட்ரோக் பைக்குகள் போயின. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் கார்புரேட்டரும் ஏறக்குறைய போயிற்று. இன்று பட்டறைக்கு வரும் இளைஞர் சென்சாரையும் ஸ்கேனரையும் கற்கிறார். கரையில் டூ ஸ்ட்ரோக் மோட்டார் இன்னும் ஓடுகிறது. நெடுஞ்சாலை ஊர்களில் அதை அறிந்த கைகள் ஓய்ந்துகொண்டிருக்கின்றன. மீனவரின் சுயபராமரிப்பு தனியாக நின்றதில்லை, இந்தக் கைகளின் மேல்தான் நின்றது. அது சரிவது எனக்குக் கவலையளிக்கிறது.

அந்தத் தலைமுறை விட்டுப்போன ஒரு தவறும் உண்டு. பைக்குக்கு ஊற்றும் 2டி எண்ணெயையே மோட்டாருக்கும் ஊற்றுவது. பைக் எஞ்சின் காற்றில் குளிர்ந்து அதிகச் சூட்டில் ஓடும். அதற்கான எண்ணெயில் எரிந்தபின் சாம்பல் விடும் சேர்மங்கள் இருக்கும். கடல்நீரில் குளிரும் மோட்டார் அதைவிடக் குறைந்த சூட்டில் ஓடுவதால் அந்தச் சாம்பல் பிஸ்டன் வளையங்களில் படிந்து அவற்றைச் சிக்க வைக்கும். மோட்டாருக்கென்று டிசி-டபிள்யூ3 என்ற தரக்குறியோடு சாம்பல் விடாத எண்ணெய் இருக்கிறது, விலை கூட. அளவிலும் கண்மதிப்புதான். பல மோட்டார்களுக்கு 50க்கு 1, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. கூட ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைத்து ஊற்றுவது பிளக்கைத்தான் கெடுக்கிறது.

பெட்ரோலே இப்போது புதுச் சிக்கல். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை 2030இலிருந்து முன்னுக்கு இழுத்து 2025இல் எட்டிவிட்டார்கள். அவுட்போர்டு மோட்டார் கம்பெனிகள் பொதுவாக 10 விழுக்காடு வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் கேனில் கிடக்கும் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்து ஓரளவைத் தாண்டியதும், தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடிப்படலத்தில் எண்ணெய் இராது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோல் வழியாகத்தான். எண்ணெயில்லாத அந்தப் படலத்தை உறிஞ்சினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இதற்கு எந்த சர்வீஸ் சென்டரும் பரிகாரம் தர முடியாது. தேவைக்கு மட்டும் வாங்குவது, மூன்று நாள் கடலுக்குப் போகாவிட்டால் கார்புரேட்டரை வடித்துவிடுவது, கேனின் அடிமட்டத்தை ஊற்றாமல் விடுவது, கண்ணாடிக் கோப்பை ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது, எல்லாமே படகுக்காரரின் அன்றாட வேலைகள். புயல் எச்சரிக்கை நாட்களில் மோட்டார் வாரக்கணக்கில் சும்மா கிடக்கிறது. கெடுவது அப்போதுதான்.

தானே பார்த்துக்கொள்வதற்கு ஆதரவாக நான் வைக்கும் கடைசி நியாயம் உயிர் பற்றியது. எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். கரையில் பிளக்கைக் கழற்றி மாட்டிப் பழகாத கை, இருட்டில், ஆடும் படகில் அதைச் செய்யாது. இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், ஷியர் பின், ஸ்டார்ட்டர் கயிறு, எரிபொருள் குழாயின் ஒரு துண்டு, டார்ச்: காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடங்கிவிடும். கூடவே கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்களும் போனில் இருக்க வேண்டும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கையில் அழைப்பைத் தள்ளிப்போட்டு இருட்டிவிடுவது, கைத்திறன் உள்ளவர்களிடமே அதிகம் காணும் பிழை. எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிற்றை இடுப்பில் மாட்டாமல் மோட்டாரிலேயே கட்டிவைப்பதும் அவர்கள்தான். ஆள் தவறி விழுந்தால் படகு அவரை விட்டுவிட்டு ஓடும்.

கழிவெண்ணெய் விஷயத்தில் நான் மீனவர் பக்கம் நிற்க மாட்டேன். வடித்த கியர் எண்ணெயை மணலில் குழி தோண்டி ஊற்றுகிறார்கள். ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிட ஏறும் மணல் அது. ஏற்கெனவே பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார், குடிக்கும் எரிபொருளில் நாலில் ஒரு பங்கு வரை எரிக்காமல் தண்ணீரிலேயே விட்டுவிடும் சாதி. அதற்கு மேல் இதுவும் வேண்டாம். குப்பத்துக்கு ஒரு மூடி போட்ட டிரம் வைத்து, நிறைந்ததும் எடுத்துப்போக ஆள் ஏற்பாடு செய்தால் தீரும் காரியம். பஞ்சாயத்தார் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் நடக்கும்.

எல்லை எங்கே என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: கழுவுதல், பிளக், எரிபொருள், கிரீஸ், கியர் எண்ணெய், புரொப்பெல்லர், துத்தநாகம், இம்பெல்லர் வரை படகுக்காரர் கை. சிலிண்டர் ஹெட்டும் கியர் பெட்டியின் உட்புறமும் இக்னிஷன் பெட்டியும் பயிற்சி பெற்றவர் கை. இந்த எல்லை நடைமுறையில் நிற்க வேண்டுமானால் பயிற்சி பெற்றவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்ட மீனவர் சங்கங்களையும் உள்ளடக்கிய தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு 1980இல் தொடங்கி, மீன் விற்பனையோடு நிற்காமல் படகு கட்டுவதையும் மோட்டார், உதிரிபாகம், பழுது பார்ப்பு ஆகியவற்றையும் கையில் எடுத்தது. மோட்டார் வாங்குபவரே கூட்டாக உதிரிபாகக் கடையையும் நடத்தினால் போலி இம்பெல்லருக்கு இடமில்லை. செங்கல்பட்டுக் கரையில் அப்படி ஒன்று வேரூன்றவில்லை.

ஆளும் அறிவும் நமக்குப் பக்கத்திலேயே இருந்தன. 1979இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டுதான் தொடங்கியது. துறைமுகமில்லாத கரைக்கென்றே, அலையைக் கடக்கும்போது எஞ்சினும் தண்டும் சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும் படகை அது வடிவமைத்துப் பார்த்தது. மீன்வளக் கடல் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் கிளை இன்றும் சென்னையில் இருக்கிறது. அங்கே நடக்கும் எஞ்சின் பயிற்சி பெரிய கப்பல்களின் வேலைக்கு ஆள் தயார் செய்கிறது. கடப்பாக்கத்துக்கோ சதுரங்கப்பட்டினத்துக்கோ அதே ஆசிரியர்கள் ஒரு வாரம் வந்து, மணலில் உட்கார்ந்து, குப்பத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தடையேதும் இல்லை. மீன் விற்றுக் கடன் அடைக்கும் பெண்களில் சிலரையும் அதில் சேர்க்க வேண்டும். இம்பெல்லர் விலை தெரிந்த மனைவி இருக்கும் வீட்டில் மோட்டார் காலத்தில் சர்வீஸ் ஆகும் என்று நான் நம்புகிறேன்.

பழுது பார்க்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. படகு மோட்டார் அதில் இல்லை. அடுத்து வரும் மோட்டார்கள் எரிபொருளைக் கணினி கட்டுப்பாட்டில் பீய்ச்சுபவை. புகை குறையும், பெட்ரோல் மிச்சமாகும், ஆனால் கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் பழுது என்னவென்றே தெரியாது. அவை இந்தக் கரைக்கு மானியத்தோடு வரும் நாள் தூரத்தில் இல்லை. வாங்குவதற்கு மானியம் தரும் மீன்வளத் துறை, தமிழில் கையேடு தர வேண்டும், பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்க வேண்டும், பத்து ஆண்டுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று அந்த மானிய நிபந்தனையிலேயே கம்பெனிகளிடம் இப்போதே எழுதி வாங்க வேண்டும்.